குசினிக் கதவைத் திறந்தவள்

ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்து வடமுனைவரை மோட்டார்சைக்கிளில் தனியொருத்தியாய்க் கடந்த கௌசிகா, கப்பலில் வந்த வண்டியைக் கொழும்பில் எடுத்துக்கொண்டு, கந்தளாய் தாண்டி, மாலையில் கடலோர ஊரான சல்லியிலுள்ள தன் வீட்டு வாசலை அடைந்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன் அவள் புறப்பட்டபோது, கைம்பெண் எதிரே நிற்கலாகாதென்று தாய் பூரணி சமையலறையான குசினிக்குள் மறைந்திருந்தாள். பாலைவனத்து வெயிலை மறந்த கௌசிகாவால் அந்த மூடிய கதவை மறக்க முடியவில்லை.

இன்றும் ஆரத்தி எடுக்க ஆலாத்தித் தட்டோடு நின்றவள் மாமி யோகம்மாதான்.

“இறங்கு பிள்ளை, கற்பூரம் அணையப்போகுது.”

“அம்மா எங்க மாமி?”

“குசினிக்குள்ள. நல்ல காரியத்துக்கு அவ முன்னுக்கு வரேலாது எண்டு தெரியாதே?”

கௌசிகா இயந்திரத்தை நிறுத்தவில்லை. “பத்து நாட்டு எல்லையில என்னை உள்ள விட்டவங்கள். அம்மாவுக்குச் சொந்த வாசல்லயே எல்லையோ? அவ தட்டை எடுக்காட்டி நான் இறங்காம இப்பிடியே அங்கால இறக்கக்கண்டி ஊருக்குப் போறன்!”

குசினிக் கதவு மெல்லத் திறந்தது. பூரணியின் கண்கள் கலங்கியிருந்தன.

“உனக்கு ஏதும் கெடுதி வந்தா, பிள்ளை?”

“எட்டு மாசமும் உங்கட முகத்தை நினைச்சுத்தான் ஓடினனான், அம்மா. எனக்கு என்ன கெடுதி வந்தது?”

யோகம்மா முணுமுணுத்தபடியே தட்டை நீட்டினாள். பூரணி அதை வாங்கி மும்முறை சுற்றி, பொட்டு வைக்க விரலை உயர்த்தியவள், சட்டெனச் சிரித்துவிட்டாள்.

“முதல் ஹெல்மெட்டைக் கழட்டு! பொட்டை எங்க வைக்கிறது?”

கௌசிகா இயந்திரத்தை நிறுத்தினாள்.