வணங்காதவன் பக்கம்

பல்செட் செய்யும் அந்தப் பட்டறையில் அக்காதான் மூத்தவள். அன்று காலை முதலாளி ஓர் இளம்பெண்ணைக் கூட்டிவந்து, "இனிமே உங்க வேலையெல்லாம் இவங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்" என்றார். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அச்சு வார்ப்பவரும் டெலிவரிக்காரரும் சாத்தானைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அவன் தேவதூதன். கடவுளோட சிம்மாசனத்துக்கே ஆசைப்பட்டான், கீழ தள்ளிட்டாங்க. எங்க சர்ச்சுல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அச்சு வார்ப்பவர்.

"எங்க மார்க்கத்துல வேற, அண்ணே. அவன் ஜின். புதுசா மண்ணுல படைச்ச மனுஷனுக்குப் பணியச் சொன்னதும், நான் நெருப்புல பிறந்தவன், மாட்டேன்னுட்டான்" என்றார் டெலிவரிக்காரர்.

"அதுக்கு முன்னாடி ஒழுங்கா இருந்தானா?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப காலம் கடவுளை வணங்கினவன்னுதான் சொல்வாங்க" என்றார் டெலிவரிக்காரர்.

"அப்போ அவன் கோபப்பட்டதுல என்ன தப்பு?"

இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மாலையில் அந்தப் பெண் ஒரு முன்பல்லைக் கொண்டுவந்தாள். "அக்கா, இந்த நிறம் அவங்களோட மத்த பல்லுக்குப் பொருந்துமா?"

பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பொருந்தாது என்று பார்த்ததுமே தெரிந்தது. "அம்சமா இருக்கு, அனுப்பு" என்றாள் அக்கா.

மறுநாளே பல் திரும்பி வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைக் காய்ச்சி எடுத்தார். "யாரைக் கேட்டும்மா அனுப்பினே?"

"நானேதான் அனுப்பினேன் சார்."

அக்காவுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால், தன்னைக் காட்டிக்கொடுக்காத அந்த நல்ல குணமும் அவளிடமே இருக்கிறதே என்று பொறாமை இன்னும் கூடியது.