கூடைப்பிடியில் ஒரு பச்சைத் துணி

கம்போங் ராஜா டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த பழனியப்பனை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. கேட்காமலே நல்லது செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சல் வரும்.

அவர் செய்த நல்லது இதுதான். சனிக்கிழமை காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும் முன் நாங்கள் வீட்டு வாசலில் ரோத்தான் பிரம்புக் கூடையை வைத்துவிட்டுப் போவோம். கடை லோரி வந்து கூடைகளை அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் திரும்பும்போது கூடை நிரம்பி அதே வாசலில் இருக்கும். அரிசி, பருப்பு, மீன் டின் என்று அந்தந்த வீட்டுக்கு எது வேண்டுமோ அது இருக்கும். சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை. எங்களில் பாதிப் பேருக்கு எழுதவும் தெரியாது. கூடைப்பிடியில் மட்டும் கடைக்காரர்கள் கலர் கலராகத் துணி கிழித்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். கூடை ஆள் மாறிப் போகாமல் இருக்கத்தான் அது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாரதா எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவளுக்கும் வேலப்பனுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த வாரமே அவள் கூடையில் புதிதாக ஒரு பச்சைத் துணி ஏறியது. கூடவே பால் டின்னும் கிரைப் வாட்டரும் பவுடரும் வந்தன.

"சொல்லாமலே தெரிஞ்சு வச்சிருக்காரு பாருங்கக்கா" என்று சாரதாவுக்கு ஒரே சந்தோஷம்.

மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வரும் ஆண்டியப்பனும் அந்த மாதம் எந்த வீட்டிலும் நிற்காமல் நேராக அவள் வாசலுக்குத்தான் வந்தார். மூட்டையின் மேலேயே சின்னச் சின்னச் சட்டைகள் இருந்தன. "ஆளு நல்லா மோப்பம் புடிக்கிறாரு லா" என்று நான் கிண்டல் செய்தேன். சாரதா சிரித்துக்கொண்டே இரண்டு சட்டை எடுத்தாள்.

பிறந்த எட்டாவது மாதம் அடைமழை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, தாயின் மடியிலேயே மூச்சு நின்றது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

காரியம் முடிந்த சனிக்கிழமை, வீட்டில் அரிசி இல்லை என்று வேலப்பன் கூடையை வாசலில் வைத்தான். சாயங்காலம் கூடை திரும்பி வந்தது. அரிசிக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி, பால் டின் உட்கார்ந்திருந்தது. சாரதா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

லோரி ஓட்டும் கந்தனை மறு வாரம் நான் வழிமறித்துப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றான் அவன். "பச்சைத் துணி இருந்தா பால் டின்னு வைக்கணும். கடையில அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க."

அவன் போய்க் கடையில் சொல்லியிருக்க வேண்டும், பால் டின் வருவது நின்றது. துணியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

லயமும் தன் பங்குக்கு நல்லது செய்தது. அவள் எதிரில் குழந்தைப் பேச்சையே எடுப்பதில்லை என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டோம். அவளைக் கண்டால் தங்கள் பிள்ளைகளைக்கூட உள்ளே அழைத்துக்கொண்டார்கள். செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொன்னால் தாய் மனது தாங்காது என்று நானும்தான் நினைத்தேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஆண்டியப்பன் மறுபடி வந்தார். நடுவில் அவர் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. சாரதா வீட்டு வாசலில் ஆணியில் கூடை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தி, மூட்டைக்குள் கைவிட்டு, சிவப்பில் ஜரிகை வைத்த ஒரு கவுனை எடுத்து நீட்டினார்.

"பாப்பாவுக்கு ஒரு வயசு ஆவப்போவுது இல்ல? அளவு பாத்தே கொண்டாந்தேம்மா."

சாரதா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவரைத் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உமக்கு யாரு சொன்னா, இந்த வீட்ல பிள்ளை இருக்குன்னு?"

"கூடையில பச்சை கட்டியிருக்கே. மஞ்சள்னா நாலு பேருக்கு மேல சாப்புடுற வீடு. வெள்ளைன்னா கோழி வளக்குற வீடு. பச்சைன்னா கைப்பிள்ளை. கடை மொதலாளிதான் சொல்லிக் குடுத்தாரு. ரொட்டிக்காரருக்குத் தெரியும், படம் புடிக்கிறவருக்குத் தெரியும்."

"சும்மாவா சொல்லிக் குடுத்தாரு?"

"அவரு வீட்டுக்குத் துணிமணி காசு வாங்காம நான் பாத்துக்கிறேன்" என்று இழுத்தார்.

"அப்ப என் கூடையில நீலம் கட்டியிருக்கே?"

அவர் மோட்டாரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "அது வந்துக்கா, பேரம் பேசுற வீடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கூடை, என் வாசல். என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு அது தொங்கியிருக்கிறது, அதை நானே தினமும் தூசி தட்டி மாட்டியிருக்கிறேன். அன்றைக்கே நீலத்தைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். விஷயம் பரவி, லயத்தில் முக்கால்வாசிப் பேர் துணிகளை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை கோழித் தவிடு கோழியில்லாத வீட்டுக்கு வந்தது, எட்டுப் பேர் வீட்டுக்கு இரண்டு பேர் அரிசி வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் கடைக்கு நடப்பார்கள்? பாதிப் பேர் மறு வாரமே போய், தாங்களாகவே கேட்டுத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தெரிந்து கட்டிக்கொள்வது வேறு.

சாரதா மட்டும் பச்சையைத் தொடவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப்புறம் சத்தம் கேட்டு ஓடினேன். வேலப்பன் காய் நறுக்கும் கத்தியோடு நிற்கிறான். சாரதா கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறாள். அன்று மத்தியானம் படம் பிடிக்கிறவர் வந்து, குழந்தையை உட்கார வைத்து ஒரு படம் எடுக்கலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"இது தொங்குற வரைக்கும் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து கேப்பான். என்னால முடியலக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றான் வேலப்பன். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவுத்துரு சாரதா" என்றேன். "எதுக்கு இந்தச் சித்திரவதை?"

அவள் என்னைப் பார்த்தாள். "கேக்கும்போது வலிக்குதுதான். ஆனா அவங்க மட்டும்தான் கேக்குறாங்க. இந்த லயத்துல என் பிள்ளையப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை பேசுறீங்களா? அப்பிடி ஒருத்தி பொறக்கவே இல்லாத மாதிரி இருக்கீங்க. இதையும் அறுத்துட்டா அவ இருந்தான்னு சொல்றதுக்கு வேற என்னக்கா இருக்கு?"

வேலப்பன் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரதா தானாகவே என் வாசலுக்கு வந்தாள். வெறுங்கூடை கையில் இருந்தது.

"கடைக்குப் போலாம் வாங்கக்கா. இதக் கட்டுனவரு மொகத்தப் பாத்து நான் கேக்கணும்."

காய்கறி லோரியில் ஏறிப் போனோம். பழனியப்பன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். கல்லாவில் அவர் மனைவி வடிவம்மாள் இருந்தாள். அவள் கடைக்கு எப்போதாவதுதான் வருவாள், எங்களைத் தெரியாது.

சாரதா கூடையை மேஜைமேல் வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏண்ணே இத கட்டுனீங்க?"

"உங்க வசதிக்குத்தான் தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் நீங்க சொல்லிக்கிட்டு இருக்க வேணாமேன்னு."

"வசதிக்குன்னா கடையோட இருந்திருக்கணும். துணி விக்கிறவருக்கும் படம் புடிக்கிறவருக்கும் எதுக்குச் சொன்னீங்க? என் பிள்ளை எனக்குப் பொறந்துச்சா, உங்க யாவாரத்துக்குப் பொறந்துச்சா?"

அவர் முகம் சின்னதாகிப் போய்விட்டது. இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"குடுங்க, வெட்டிடுறேன்."

"வேணாம். நானே அவுக்கிறேன்."

மழையில் நனைந்து நனைந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. கொண்டை ஊசியை எடுத்து நெம்பினாள். நகம் உடைந்தது. கடைக்கு வந்தவர்கள் அரிசியும் சீனியும் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு விட்டதும் மற்ற துணிகளையும் அவிழ்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்து மேஜையில் வைத்துவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இந்தக் கூடைய பாத்தா பசங்களுக்கு ஒண்ணுமே தெரியாது தங்கச்சி. வேண்டியத நீங்களே வந்து வாயால சொல்லணும்" என்றார் பழனியப்பன். குரலில் மிரட்டல் இல்லை.

"சொல்றேன்."

நடந்தது எதுவும் சரியாகப் புரியாத வடிவம்மாள், புதிதாக வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து விசாரித்தாள்.

"வீட்ல எத்தன பேரும்மா?"

"ரெண்டு பேரு."

"பிள்ளைங்க?"

பழனியப்பன் பதறி மனைவியின் கையைப் பிடித்தார். நானும் சட்டென்று குறுக்கே போய், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அரிசி போடுங்க" என்றேன். சாரதா என் தோளைப் பிடித்து விலக்கினாள்.

"அவங்க கேக்கட்டும்க்கா" என்றாள். பிறகு வடிவம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு பொண்ணு. பூங்கோதைன்னு பேரு. எட்டு மாசத்துல செத்துப்போச்சு."

அந்தப் பெயரைக் காதால் கேட்டு எத்தனை நாளாயிற்று.

வடிவம்மாள் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சாரதாவை ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பூங்கோதை" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "யாரு ஜாடைம்மா?"

"அவங்க அப்பா ஜாடை" என்றாள் சாரதா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வெடித்து வந்தது, இத்தனை மாதமும் வராத அழுகை. அழுகைக்கு நடுவிலேயே பேசினாள். தலையில் சுழி இரண்டு, சிரித்தால் இடது பக்கம் மட்டும் குழி விழும், குளிருக்குத் தன் காதைத் தானே பிடித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெளியே லோரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.