நாற்பத்து நான்காவது வாக்கு

ஆற்றில் அணை கட்டியதால் உண்டான சோரல் ஏரி நூற்று முப்பது அடி இறங்கிய கோடையில், மார்வா கேஸ்வெல் என்னைத் தன் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, அவளுடைய அப்பா கடைசியாகக் கூடாரம் போட்ட மணல்திட்டைத் தேடிப் புறப்பட்டாள். எனக்கு எண்பத்து மூன்று வயது. அவளுக்கு அறுபத்தெட்டு.

"துடுப்பை ஆழமா விடுங்க ஆரின். சூப் கலக்குற மாதிரி கலக்காதீங்க."

"நான் செனட்ல வேலை பார்த்தவன். எனக்குக் கலக்கத்தான் தெரியும்."

அவள் உரக்கச் சிரித்தாள். சிரிப்பு எதிர்ப் பாறையில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது. அன்று நான் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு அவள் இப்படிச் சிரிப்பாளா என்று தெரியவில்லை.

இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைச் சுவர்கள். அவற்றில் எங்கள் தலைக்கு மேலே வெகு உயரம் வரை சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பட்டை. தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் ஐம்பது வருடமாகப் பாறையில் படிந்து படிந்து உண்டானது அது. நீர் இறங்கினாலும் அது எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பாறை காட்டிக்கொண்டே இருக்கும். அடியில் மூழ்கிய மரங்களும் வெளியே வந்திருந்தன. ஆழத்துக் குளிர்ந்த நீரில் காற்று குறைவு. காற்றில்லாமல் மரம் சீக்கிரம் அழுகாது. அதனால் பட்டையும் இலையும் இல்லாமல் சாம்பல் நிறத்தில், கிளைகளோடு அப்படியே நின்றன. அவற்றுக்கு நடுவே அவள் படகை மெதுவாக நெளித்து ஓட்டினாள்.

நான் வந்த காரணம் ஒரு கவிதை. போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் மார்வா தன் கவிதைகளை வாசித்தாள். கடைசியாக வாசித்தது பள்ளிப் புத்தகங்களில்கூட வந்தது. "நதியைக் கேட்டது நான், கொடுத்தது அப்பா, எடுத்துக்கொண்டது தண்ணீர்" என்று முடியும். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. செனட்டில் அவள் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பழைய குமாஸ்தா என்று சொல்லி அறிமுகம் செய்துகொண்டேன். அந்தக் கவிதையை அப்பாவோடு தங்கிய மணல்திட்டிலேயே ஒருமுறை வாசிக்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டாள்.

மதியத்துக்குள் மணல்திட்டைக் கண்டுபிடித்தோம். மணல் இல்லை, ஆள் உயரத்துக்கு வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பின்னால் இருந்த குடைந்த பாறையை வைத்து அவள் அடையாளம் கண்டாள். பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"மார்வா, வாசிக்காதீங்க."

"ஏன், அவ்வளவு மோசமான கவிதையா?"

"அது உண்மை இல்லை. அணைக்குக் காரணம் நீங்க இல்லை. நான்."

அவள் தாளோடு நின்றாள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னேன்.

செனட்டில் ஜோடி சேர்வது என்று ஒரு வழக்கம் இருந்தது. அணையை எதிர்க்கும் ஒருவர் வெளியூர் போக வேண்டும் என்றால், அணையை ஆதரிக்கும் ஒருவரிடம் போய், நான் வரும்வரை நீங்களும் வாக்களிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். ஒரு வாக்கு இந்தப் பக்கம் குறைந்தால் ஒரு வாக்கு அந்தப் பக்கமும் குறையும். யாருக்கும் நஷ்டமில்லை. எந்த விதியிலும் எழுதாத வழக்கம். சொன்ன சொல் தவறினால் மானம் போகும், அவ்வளவுதான். அணையை எதிர்த்த செனட்டரான மார்வாவின் அப்பா லைல் கேஸ்வெல், மகளோடு பதினோரு நாள் ஆற்றில் போவதற்கு முன்னால், அணையை ஆதரித்த செனட்டர் டன்வுடியோடு ஜோடி சேர்ந்தார். யார் யாரோடு ஜோடி என்று நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. நான் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 'அணை மசோதா' என்று எழுதினேன்.

ஆனால் கேஸ்வெல் ஆற்றில் இருந்தபோது, அணையை வேறொரு மசோதாவில் திருத்தமாகச் சேர்க்க வாக்கெடுப்பு வந்தது. டன்வுடி என் மேசைக்கு வந்தார். "தம்பி, கேஸ்வெலோட என் ஜோடி இந்தத் திருத்தத்துக்கும் சேர்த்தா?" என்றார். அணை எந்த உருவத்தில் வந்தாலும் ஜோடி செல்லும் என்பது அங்கே வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. தலைமைக் குமாஸ்தா பத்தடி தள்ளி நின்றார். அவரிடம் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். "இல்லைங்க, மசோதாவுக்கு மட்டும்தான்" என்றேன்.

மார்வா தாளை மடித்தாள். "எத்தனைக்கு எத்தனை?"

"நாற்பத்து நாலுக்கு நாற்பத்து மூணு."

"கல்லு வெச்சுக் காட்டுங்க. மெதுவா."

வண்டல்மேல் கூழாங்கற்களை இரண்டு வரிசையாக வைத்தேன். எண்ணி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆதரவு வரிசையின் கடைசிக் கல்லைத் தொட்டு, "இது டன்வுடி" என்றேன். அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

"சமமா வந்தா?"

"தோத்துடும். பெரும்பான்மை வேணும். அவைத்தலைவர்தான் சமத்தை உடைக்க முடியும், அன்னிக்கு அவர் ஊர்ல இல்லை."

"அந்த ஆளு உங்ககிட்ட கேட்டதே, பழி போட ஒரு முட்டாள் வேணும்னுதான்."

"இருக்கலாம். முட்டாள் கிடைச்சான்ல."

அவள் சிரிக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"திரும்பி வந்த அன்னிக்கே சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். 'ஜோடி விஷயத்தை வெளிய பேசினா அப்புறம் யாரும் யாரையும் நம்ப மாட்டாங்க. நோட்டுல இருந்ததைத்தானே சொன்னே, போய் வேலையைப் பாரு'ன்னார்."

"பேப்பர்ல 'மீன் பிடிக்கப் போன செனட்டர்'னு போட்டான். தேர்தல்ல தோத்தார். அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், 'அந்தப் பயணம் மட்டும் போகாம இருந்திருந்தா'ம்பா. என் பிறந்தநாளுக்கு ஆத்துக்குப் போகணும்னு அடம் பிடிச்சவ நான். ஒன்பது வயசு." குரல் இறங்கியது. "நீங்க ரெண்டு பேரும் பேசினப்ப, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "இல்லை. உங்களைப் பத்தி நாங்க யாருமே நினைக்கலை மார்வா."

அவள் இரண்டு வரிசைகளையும் மறுபடி எண்ணினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எண்ணி முடித்ததும், "'நதியைக் கேட்டது நான்.' நல்ல வரி அது. அதுதான் கஷ்டம். அதை எடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?" என்றாள். பிறகு எழுந்து, "காத்து கிளம்புறதுக்கு முன்னாடி போகணும்" என்றாள்.

இருவர் போகும் படகில் பின்னால் இருப்பவர்தான் திசை பிடிப்பார். முன்னால் இருப்பவர் வெறும் பலம். அதனால் பின்னால் இருப்பவருக்கு முன்னவரின் முதுகு எப்போதும் தெரியும். முன்னால் இருப்பவரோ திரும்பிப் பார்த்தால் படகு சாயும். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செத்த மரங்களுக்கு நடுவே வந்தபோது அவளுடைய துடுப்பின் சத்தம் நின்றது. படகு தானாக நகர்ந்தது. அவள் அழுகிறாளா, என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா, தெரியவில்லை.

"மார்வா?" என்றேன், முன்னால் பார்த்தபடி.

அந்தப் பெயர் பாறையிலிருந்து திரும்பி வந்தது. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. நான் துடுப்பை ஆழமாக விட்டு இழுத்தேன்.