எல்லோருக்கும் ஒரே மேல்சட்டை

லாரிக்குள் இன்னும் இரண்டு வரிசை அடுக்க வேண்டியிருந்தது. கீழே நின்றவன் பெட்டியை நீட்ட, மேலே நின்ற மொறப்பு அதை மார்பில் வாங்கி, முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளி இடுக்கில் செருகினான். கைதான் வேலையில் இருந்தது. கண் முழுக்கப் பெண்கள் வேலை செய்யும் கூடத்தின் வாசலில் கிடந்தது. சங்கு ஊதியாகிவிட்டது. இப்போது வருவாள்.

மொறப்பு அவன் பெயரில்லை. யாரைப் பார்த்தாலும் அடிக்கப் போகிறவன் மாதிரி முறைப்பதால் சரக்குக் கொட்டகையில் வைத்த பட்டம். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் அந்த முறைப்பு போகவில்லை. ஒருத்தியைக் கண்டால் மட்டும் அது இளகும். அந்த ஒருத்தி இதே ஆலையில் செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் பொடிப் பலகையில் முடி பருமன் கம்பிகளைப் பற்றவைக்கிறாள்.

வந்தாள். கூட்டத்தோடு கூட்டமாய் வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் சாப்பாட்டுப் பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அவனுக்கு இல்லை. லாரிக்குக் கொஞ்சம் தள்ளிக் கைவண்டியோடு நின்ற நெட்டையனுக்கு! அந்தத் தடியனும் பல்லைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கினான்.

வெறுமனே சிரித்திருந்தால் சிரித்துவிட்டுப் போகிறாள். ஆனால் அந்தப் பையைத் தூக்கிக் காட்டுகிற சாடை இருக்கிறதே, அது அவனுக்கே அவனுக்கானது. கல்யாணமான புதிதில், எல்லோர் முன்னாலும் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு அவள் கண்டுபிடித்தது. ‘நில்லுங்க, வந்துட்டேன்’ என்று அர்த்தம். அதை எடுத்து ஒரு கைவண்டிக்காரனுக்குக் கொடுத்துவிட்டாளே!

“அண்ணே, பெட்டியைப் பிடி! எங்க பராக்குப் பாக்குற?” என்றான் கீழே நின்றவன்.

பெட்டி அவன் கால் பெருவிரல் மேல் விழுந்தது.

இது முதல் தடவை இல்லை. கொட்டகை ஆட்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை கொடுத்த மாதத்திலிருந்தே நடக்கிறது. “ஜாக்கெட் குடுத்துட்டாங்கடா, இனி வளையல் ஒண்ணுதான் பாக்கி” என்று ஆட்கள் கேலி பண்ணிச் சிரித்த நாளிலேயே அவள் நெட்டையனைப் பார்த்துப் பையைத் தூக்கினாள். அன்றைக்கு ஏதோ தற்செயல் என்று விட்டான். அடுத்த வாரமும் தூக்கினாள். நெட்டையன் வேறு பார்க்க லட்சணமாக இருந்து தொலைத்தான். சுருட்டை முடி. குரலில் ஒரு குழைவு. மொறப்பு ராத்திரி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். முறைத்தது.

அதைவிடக் கொடுமை, கொட்டகைக்கு மட்டும் விடுமுறை விட்ட ஒரு நாள் சாயங்காலம் நடந்தது. மொறப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடை வாசலில் நின்றான். எதிர்ப்பக்கம் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நேராக அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மின்கம்பத்தைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கட்டின புருஷனைக் கண்டால் கண்டுகொள்வதில்லை, கைவண்டியைக் கண்டால் மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது!

காலில் பெட்டி விழுந்த அன்று ராத்திரி, வீட்டில் மெல்ல அவள் வாயைப் பிடுங்கிப் பார்த்தான்.

“கண்ணு ஏன் செவந்திருக்கு? அழுதியா?”

“இல்லையே. தூசி.”

“தினமுமா தூசி விழுது?”

அவள் ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தாள். யாரை நினைத்து அழுகிறாள் என்று அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இரண்டு பேர் சம்பளம் வந்தால்தான் வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஓடுகிற வீடு அது. வேலைக்குப் போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நெட்டையனைக் கண்காணாத ஷிப்டுக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்ததும், காலை நொண்டிக்கொண்டு கூடத்து மேற்பார்வையாளர் அறைக்குப் போனான். எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிற அம்மாள் அவர். கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

“என்னப்பா சொல்ற? வேலை செய்யிற இடத்துல இதெல்லாமா?”

“எம் பொண்டாட்டி மேல தப்பு சொல்லல மேடம். அவன்தான் சரியில்ல. அவனை ஷிப்டு மாத்தி விட்டுருங்க. அது போதும்.”

“அது எப்படி? ஒரு கையில ஓசை வருமா? கூப்பிடு ரெண்டு பேரையும்.”

இப்படிப் பஞ்சாயத்து ஆகும் என்று மொறப்பு நினைக்கவே இல்லை. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை வாசலில் மறித்துக் கூட்டிவந்தார்கள். நெட்டையன் கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ மேடம்! அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மனுஷன் மூஞ்சியைப் பாத்து சிரிச்சா, திருப்பிக்கிட்டா போவாங்க? அண்ணே, நீயாவது சொல்லேண்ணே!”

மேடம் அவள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. தினமும் இந்த ஆளுக்குச் சாடை காட்டுறியாமே? இந்த மாதிரிப் பேரு வந்தா கம்பெனி வச்சுக்காது. ரெண்டு பேருமே வெளிய போக வேண்டியதுதான்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு நெட்டையனைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ஆரஞ்சு மேல்சட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். சொல்லலாமா, வேண்டாமா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்வது கழுத்து நரம்பில் தெரிந்தது.

“மேடம், அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிறது கடிகாரமா, போட்டோவா?”

“என்ன கேள்வி இது? கடிகாரம்.”

“எனக்குத் தெரியல மேடம். வட்டமா ஏதோ வெள்ளையாத் தெரியுது. காலையில வரும்போது தெரியும். சாயங்காலமானா கை நீட்டுற தூரத்துக்கு அந்தாண்ட எல்லாம் மங்கலாயிடும். இந்தத் தம்பி யாருன்னே இப்ப கிட்டத்துல பாக்கும்போதுதான் தெரியுது. ஆரஞ்சுக் கலரைப் பாத்து இவருன்னு நினைச்சேன். முன்னாடி இவர் கட்டம் போட்ட சட்டை போடுவாரு, அடையாளம் தெரியும். இப்பதான் எல்லாருக்கும் ஒரே மேல்சட்டை குடுத்துட்டீங்களே.”

அடச்சே, இவ்வளவுதானா! மொறப்புக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம் போல இருந்தது. நெட்டையன் தோளைத் தட்டி, “மனசுல வச்சுக்காதடா தம்பி” என்றான். டீ வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னான்.

மேடம் அவளுடைய கூடத்து அடையாள அட்டையைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

“கண்ணு தெரியாதவங்களை அந்த மேசையில உக்கார வச்சா மேல என்னால பதில் சொல்ல முடியாதும்மா.”

“கிட்டத்துல எனக்கு நல்லாத் தெரியும் மேடம். என் பலகை ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? தூரத்துக் கடிகாரத்தையா நான் பத்தவைக்கிறேன்?”

“ரூல்ஸ் ரூல்ஸ்தான். ஆஸ்பத்திரியில காட்டிட்டு வா, பாக்கலாம்.”

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் முன்னால் நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டு பின்னால் போனான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“பக்கத்து மேசைக்காரி கண்ணு மங்குதுன்னு வாயைத் தொறந்தா. மறுநாள் அவ நாற்காலியில வேற ஆளு. உங்ககிட்ட சொன்னா நீங்க நேரா மேடம்கிட்ட போயி நிப்பீங்கன்னுதான் சொல்லல.” சற்று நின்று, திரும்பாமலே சொன்னாள். “எப்படியும் போயி நின்னுட்டீங்க.”

அரசு ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். வரிசை நகர்ந்து அவள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. கண் டாக்டர் இளம் பெண். குனிந்து விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கண்ணு மங்குறதுக்கு எத்தனையோ காரணம் இருக்கும்மா. பவர் மாறியிருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், ரத்தக் கொதிப்பு, புரை, இல்ல கண்ணு வறண்டு போயிருக்கலாம். ஒவ்வொண்ணாத்தான் பாத்துத் தள்ளணும்.” ரத்தம் எடுத்தார்கள், பலகையில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், மறுபடி விளக்கடித்தார்கள். கடைசியில் டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “பயப்படாத. நோய் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வறட்சி இருக்கு, அதுக்குச் சொட்டு மருந்து தர்றேன். நாள் பூரா ஒரு சாண் தூரத்தையே உத்துப் பாத்து, கண்ணு அங்கேயே இறுகிப் போயிருக்கு. வேலை விட்டு வந்தப்புறமும் தூரத்துக்குத் திரும்ப மாட்டேங்குது. ஓய்வு குடுத்தா தானா சரியாயிடும்.”

“கண்ணாடி போடணுமா டாக்டர்?” என்று மொறப்பு கேட்டான்.

“வேண்டாம். வேலைக்கு நடுநடுவுல தலையை நிமித்தி, ஜன்னல் வழியாக் கொஞ்சம் தூரமாப் பாக்கணும். கண்ணைச் சிமிட்டணும். அவ்வளவுதான்.”

“அங்க ஜன்னல் இல்லீங்க” என்றாள் அவள்.

“சரி, சும்மா தலையையாவது நிமித்து.”

“தலை நிமிந்தா மேடம் கத்துவாங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார். அப்புறம் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நோய் இல்லை என்ற சீட்டை எடுத்துக்கொண்டு மொறப்புதான் மேடத்தைப் பார்க்க ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக முறைக்காமல், குழைந்து நின்றான். மேடம் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். “நல்லதாப் போச்சு. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு. அந்த மேசைக்கு வேற பொண்ணை எடுத்துட்டோம்ப்பா.”

ஆலைக்கு எதிர்ச்சாரியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே பாத்திரம் கழுவ அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பாதிச் சம்பளம். குனிந்து தேய்த்தாலும், நிமிர்ந்தால் தெரு, தெருவுக்கு அப்பால் ஆலை மதில், அதற்கு மேலே வானம். சில வாரத்திலேயே கண் தெளிந்துவிட்டது. ஒருநாள் கடை வாசலில் மகள் தலையை வாரிவிட்டபடி, மதிலில் புதிதாய்க் கட்டியிருந்த பலகையை இந்தப் பக்கத்திலிருந்தே அவள் வாசித்தாள். “ஆட்கள் தேவை. பெண்கள் மட்டும். நல்ல கண்பார்வை அவசியம்.” பொடி எழுத்தில் கீழே இருந்த போன் நம்பரையும் வாசித்தாள்.

பக்கத்தில் நின்ற மொறப்புக்கும் அது கேட்டது. அவள் இப்போதெல்லாம் அவனோடு சண்டை போடுவதில்லை. சாப்பிட வைப்பாள், துணி துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

அவனுக்குப் பொறாமை மட்டும் விட்டபாடில்லை. லாரியில் பெட்டி அடுக்கும்போது கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற நெட்டையனைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிந்தது. அத்தனை நாளும் அவள் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்ததெல்லாம் மொறப்புக்கு அனுப்பியது. அத்தனையையும் அந்தப் பயல் வாங்கிக்கொண்டான். ஒன்றுகூட இவன் கைக்கு வந்து சேரவில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லையோ என்று பயமாக இருந்தது.

அன்றைக்குச் சங்கு ஊதியதும் மேல்சட்டையோடே வாசலுக்கு வந்தான். எதிர்ச்சாரியில் அவள் வேலை முடித்து, பையோடு நின்றாள். நடுவில் லாரிகளும் பஸ்களும் போயின. வண்டிகள் விலகியபோது இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஆரஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் அவள் கண் தேடவே இல்லை. நேராக அவன் முகத்தில் வந்து நின்றது. நல்ல தெளிவான பார்வை. பை கையில் தொங்கியபடியே இருந்தது.

பின்னால் பெண்கள் கூட்டம் வந்தது. அதில் சின்னப் பெண் ஒருத்தி, புறங்கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். கூடத்து அட்டை புதுக்கருக்குக் கலையாமல் கழுத்தில் தொங்கியது. அதில் இருந்த மேசை எண்ணை அவனுக்குத் தெரியும், அது மனைவியின் பழைய மேசை. அந்தச் சின்னப் பெண் கண்ணைச் சுருக்கி இவனைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர, “அண்ணா! இங்க இருக்கேன்!” என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

“அய்யய்யோ, எங்க அண்ணன்னு நினைச்சுட்டேன். அவரும் கொட்டகையிலதான் இருக்காரு, இதே மேல்சட்டை...” அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே.”

அவன் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே நின்றவள் இவனைப் பார்க்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணையே, இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.