நாலு பேர் போதும்

கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி போன் செய்து சிரித்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அன்று சிரித்தார்.

“மேடம், அசத்திட்டீங்க! அரையாண்டுல உங்க அஞ்சாம் வகுப்பு மொத்தமும் பாஸ். இந்த வட்டாரத்துல வேற எந்தப் பள்ளியும் இப்படி வரல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதே இரண்டு அறை. மழை வந்தால் பிள்ளைகளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு மறுபக்கம் வாளி வைக்கிற பள்ளி எங்களுடையது. அதற்குத் தலைமையாசிரியை என்று ஒரு பட்டம் எனக்கு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“முழுப்பரீட்சையிலயும் இப்படியே வந்தா நீங்க பின்தங்கிய பள்ளி இல்ல மேடம். அந்த உதவி நிதி நின்னுடும்.”

“நின்னா?”

“உங்க வாசிப்பு டீச்சருக்கு அதுலேர்ந்துதானே சம்பளம்? அந்த வேலையும் போயிடும்.”

நிமிர்ந்த முதுகு அப்படியே விறைத்துப்போனது. “அவங்க வந்ததாலதானே சார் பாஸானாங்க? காய்ச்சல் விட்டுடுச்சுன்னு டாக்டரையா ஊரை விட்டு அனுப்புவீங்க?”

“விதி மேடம், நான் என்ன செய்ய? நாலு பேராவது பெயிலானாத்தான் பின்தங்கிய பள்ளி.” இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் புண்ணியவான்.

வாசிப்பு டீச்சர் வந்த முதல் நாள், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் தரையில் வட்டமாக உட்கார வைத்து, தானும் சப்பணமிட்டு உட்கார்ந்தவர். அதில் ஒருத்திக்குச் சுண்டெலி என்று பட்டப்பெயர். கேள்வி கேட்டால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது அவள் பஸ் பலகை, மருந்துக்கடைப் பலகை, சோப்பு உறை என்று கண்ணில் படுவதை எல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறாள். வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு.

கொதிப்பு அடங்காமல் வாசிப்பு டீச்சரை அறைக்குள் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தேன்.

“நாலு பேர் பெயிலானா போதுமாம்! நீங்க இங்கயே இருக்கலாமாம்! எங்க போய் முட்டிக்கிறது?”

அவர் முகம் சுண்டிவிட்டது. எங்கள் அறைக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது கூரை வரை எட்டாத ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் பென்சில் விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். என் தொண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் எந்த வேலைக்கும் சீட்டுக் குலுக்கல்தான். தண்ணீர் பிடிக்க, பெருக்க, கழிப்பறை கழுவ, எல்லாம் ஒரு டப்பாவில் பெயர் போட்டு எடுப்போம். விழுந்தவர் முணுமுணுக்கக் கூடாது, அழக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. நான் கொண்டுவந்த ஏற்பாடு. யார் பார்வையிட வந்தாலும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாமல் அனுப்பமாட்டேன்.

முழுப்பரீட்சை அன்று ஐந்தாம் வகுப்பில் நான்தான் காவல். மணியடித்ததும் எல்லாத் தலையும் குனிந்தது. நான்கு தலைகள் குனியவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்கள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சுண்டெலியும் ஒருத்தி.

“என்ன, உடம்பு சரியில்லையா? எழுது.”

“எழுதக் கூடாது டீச்சர். சீட்டு விழுந்துடுச்சு.”

“என்ன சீட்டு?”

“பெயிலாகுற சீட்டு.”

நான்கு பேரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். “யாருடா சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?”

“நீங்கதான் டீச்சர்,” என்றான் ஒருவன், எனக்கு மறந்துவிட்டதோ என்ற கவலையோடு. “நாலு பேர் போதும்னீங்களே. அதான் குலுக்கிட்டோம்.”

வெளியே சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அப்போது என் கண் முதலில் போனது ஜன்னல் வழியாக என் மகளிடம். அவளும் அதே வகுப்பு. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது. அடுத்து, இவர்களை இப்படியே விட்டால் டீச்சர் இருப்பார், நான் எதையும் பார்க்கவில்லை என்று இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது மட்டுமல்ல, கொஞ்ச நேரம் போகாமல் நின்றது.

“எனக்கு விழல டீச்சர்,” என்றாள் சுண்டெலி. “உங்க பாப்பாவுக்குத்தான் விழுந்துச்சு. அவ சீட்டைத் தர மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் புடுங்கிக்கிட்டேன். மாத்தக் கூடாதுதான், தெரியும்.”

“ஏன்டி?”

“அவ பெயிலானா உங்களை எல்லாரும் கேப்பாங்க. நான் பெயிலானா யாரு கேக்கப் போறா?”

யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ள போய் எழுதுங்க. நாலு பேரும். தெரிஞ்சது ஒண்ணு விடாம எழுதணும். இது என் உத்தரவு.”

மூவர் போய்விட்டார்கள். சுண்டெலி நகரவில்லை.

“அப்ப வாசிப்பு டீச்சர்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “போயிடுவாங்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

மொத்தமும் பாஸ். அதிகாரி மறுபடி போனில் சிரித்தார். வராந்தாவில் நடந்தது எதையும் நான் வாசிப்பு டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில், அவர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் தட்டிக்கொண்டே வந்தார். சுண்டெலியிடம் வந்ததும் நின்றார்.

“என்னடா தங்கம், தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிற? எவ்வளவு நல்லா எழுதியிருக்கே!”

“மன்னிச்சிடுங்க டீச்சர்,” என்றாள் அவள். “நான் பாஸாயிட்டேன்.”