தொடைக் கிட்டங்கி

விருதுநகரில் எல்லோர் தொடையிலும் சரக்கு அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருக்கிறார். என் தங்கை வெயிலுகந்தாளின் தொடையில் இருந்தவர் பிச்சாண்டி. சோற்றை மூட்டையாகவும் எண்ணெயை டின்னாகவும் அடுக்குவார். வலது தொடைதான் அவருக்கு. இடது கூடுதல் பொறுப்பு.

வனக்காப்பாளர் தேர்வில் நாலு மணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். தங்கைக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிந்தது. எனக்குப் பரோட்டாக் கடை. உடம்பில் தெம்பு ஏறட்டும் என்று ஒரு மாதம் மூன்று வேளையும் எண்ணெய்ப் பரோட்டா கொடுத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை பிச்சாண்டி அவள் முழங்காலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வாசல் வரைக்கும் டின்னு. பூட்டெல்லாம் எண்ணெய், சாவி வழுக்குது. மூட்டைய என் தலையிலயா அடுக்க?"

"பரோட்டாவுல மாவும் இருந்துச்சே?"

"அது வெளிய தெருவுல நிக்கி."

"எண்ணெய எரிச்சே நடந்துற முடியாதா?" என்றாள் தங்கை.

"முடியும்க்கா. மெதுவாத்தான் எரியும். பத்தவைக்க ஒரு பிடி சோறு வேணும்."

அன்று அவள் சோறும் வாழைப்பழமும் மட்டும் தின்று, மாலைவரை மாடிப்படி ஏறி இறங்கினாள். சில டின்கள் எரிந்தன. ஆறு மூட்டைக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் நான் சைக்கிளில் கூடவே போனேன். பதினோராவது கிலோமீட்டரில் அவள் நின்றுவிட்டாள். முழங்காலைத் தட்டினேன்.

"மூட்டை தீந்துட்டு" என்றார் பிச்சாண்டி.

"பத்தவைக்கவாவது இருக்கா?"

அவர் வேட்டி மடியை அவிழ்த்தார். ஒரு பிடி சோறு இருந்தது. "என் மத்தியானச் சாப்பாடு. போகட்டும். நட அக்கா, ஓடாத. நின்னுராத."

டின்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. தங்கையின் காதிலிருந்து மெல்லிய புகை வந்தது. தேர்வு அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டாள்.

மறு மாதம் இரண்டு பணி ஆணைகள் வந்தன. ஒன்று தங்கைக்கு. இன்னொன்று பிச்சாண்டிக்கு: யானை முகாமில், ஒரு பின்னங்காலில்.

"யானைக்கும் பரோட்டா குடுத்துராதிய, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அந்தக் காலில் இருந்தவர் தங்கையின் தொடைக்கு மாறுதலாகி வந்திருக்கிறார். கரும்பைத் தவிர வேறெதையும் அடுக்க அவருக்குத் தெரியாது. நான் பரோட்டாக் கல்லை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு கட்டுக் கரும்பு வாங்கி வந்தேன்.