தலைக்கு மேல் போன தாய்மாமன்

பெங்களூரில் பட்டுக்கடை வைத்திருந்த தீர்த்தகிரி, கடைசி நேரத்தில் வரும் வாடிக்கையாளரை விடவே மாட்டார். அதனாலேயே ரயிலை விட்டுவிடுவார். யுத்தம் முடிந்த மறுவருஷம், ராசிபுரத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. முதல்நாள் கிளம்ப வேண்டிய சேலம் ரயிலும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தங்கையின் மூத்த மகள் காதுகுத்துக்கும் இப்படித்தான் கோட்டை விட்டார். மாமன் மடியில் உட்காரவேண்டிய குழந்தையை ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அதற்கப்புறம் தங்கை சின்னாயி வெகுகாலம் அவரோடு பேசவில்லை. இதையும் தவறவிட்டால் கூடப்பிறந்தவளின் உறவே அற்றுப்போகும்.

“திருச்சிக்கு ஏரோப்ளேன் விட்டிருக்காங்களே! ஒருமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்” என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஏரோப்ளேனில் வருவதாக ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, காலையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறிவிட்டார் தீர்த்தகிரி. திருச்சி, ராசிபுரத்தையும் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்பது அந்த அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

சேலத்து மலைகள் பின்னே போயின. கொல்லிமலை தெரிந்தது. அதற்கு இப்பால் வெள்ளைக்கோடாக ஆத்தூர்ச் சாலை. அப்பாவின் மாட்டுவண்டியில் சேலை மூட்டைமேல் அவரும் சின்னாயியும் ஆத்தூர்ச் சந்தைக்குப் போன சாலை அது. “இன்னும் எவ்வளவு தூரமுங்கண்ணா?” என்று நச்சரிப்பாள். “அந்தப் புளியமரம் வரைக்குந்தான் சாமி” என்பார். வழியெல்லாம் புளியமரம். ஒவ்வொன்றையும் நம்புவாள். ஒரு பகல் முழுக்க ஊர்ந்த அந்தச் சாலையை ஏரோப்ளேன் கண்மூடித் திறப்பதற்குள் விழுங்கிவிட்டது.

அதோ ஏரி, அதோ ஊர்!

“நிறுத்தச் சொல்லுங்க! இதுதானுங்க எங்கூரு!” என்று எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

திருச்சியில் இறங்கி, ஊரைப் பார்த்துத் திரும்ப, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரிவண்டி பஸ் பிடித்தார். அது மேடு கண்ட இடத்தில் எல்லாம் நின்றது. ஏறினவர்கள் இறங்கித் தள்ளினார்கள். தன்னையே திட்டிக்கொண்டு அவரும் தள்ளினார். ராசிபுரம் வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பந்தலில் விருந்தாளிகள் யாரும் இல்லை.

வாசலில் சின்னாயி, இடுப்பில் பையனோடு நின்றாள். அவன் வலது காதில் புதுக் கடுக்கன் மின்னியது. தீர்த்தகிரி தலை குனிந்தார்.

“நேரம் தப்புதுன்னு எல்லாரும் குதிச்சாங்க. நீங்க வராம ஆவாதுன்னு நின்னுட்டேன். அப்பத்தான் ஏரோப்ளேன் வந்துச்சு. மாமன் ஊரு எல்லைக்குள்ள வந்தாச்சு, ஒரு காதை மட்டும் குத்துங்கன்னு எம்மடியிலயே வெச்சுக்கிட்டேன்” என்றாள். பிறகு பையனின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது காது வெறுமையாக இருந்தது. “இது உங்க மடிக்குங்க.”

பந்தல் மூலையில் வெற்றிலை மென்றபடி காத்திருந்த ஆசாரி ஊசியை எடுத்தார். தீர்த்தகிரி பாயில் உட்கார்ந்து பையனை மடியில் வாங்கிக்கொண்டார். குத்தியதும் அவன் வீறிட்டான். அவனைவிடப் பெரிதாக மாமன் அழுதார்.

சின்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அந்தப் புளியமரந் தாண்டி வர இத்தனை நேரமாங்கண்ணா?”